சின்னப்பிள்ளை இருக்க வீட்டுல சோலி ஓடலியா? எங்கன அடைச்சிருக்குன்னு பாத்து சரி பண்ணுத வழி

பாளையங்கோட்டைல வாடகைக்கு ஒரு மாடி வீடு. ரெண்டரை வயசுல ஒரு பொம்பளப்பிள்ளை. வீட்டுக்காரவிய காலைல ஏழரைக்குக் கெளம்பினா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாவ. நான் வீட்டுல இருந்தே ஒரு கடைக்குக் கணக்கு எழுதிக் குடுக்கேன், அதுவும் மத்தியானம் பிள்ளை தூங்குத நேரத்துல மட்டும். முதல் வருசம் பூரா தெனமும் ஏதாவது ஒண்ணு நின்னுரும், ஒருநாள் பாத்திரம், ஒருநாள் துணி, ஒருநாள் வீடே பெருக்காம கெடக்கும், நானும் இன்னும் வெரசா செய்யணும் போலன்னு நெனச்சு ஓடிக்கிட்டே இருந்தேன். வெரசா செஞ்சு சரியானது ஒண்ணுகூட இல்ல. எங்கனயோ ஒரு சின்ன அடைப்பு இருக்கும், அத எடுத்தா மத்தது தானா ஓடிரும். இப்ப என் தங்கச்சிக்கு எட்டு மாசப் பிள்ளை, வாரத்துக்கு மூணு தடவ போன் பண்ணி "யக்கா இது ஏன் இப்படி ஆவுது"ன்னு கேக்கா. அவளுக்கு சொன்னதெல்லாம் சேத்துதான் இங்க எழுதிருக்கேன்.

உங்க வீட்டுல எது நிக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. முதல்ல காசில்லாத வழி, கடைசில காசாவுத வழி. ஒரு மாத்தம் பண்ணினா மூணு நாள் அப்படியே விட்டுப் பாருங்க, ஒரே நாள்ல நாலு மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

அறிகுறி 1: சிங்க்ல பாத்திரம் கொறையவே மாட்டேங்கு

வேலைக்கு ஆள் தேடுறதுக்கு முன்னால, ஒரு நாள் ராத்திரி படுக்கப் போகும்போது சிங்க்ல கெடக்குறத வகை பிரிச்சு எண்ணுங்க. நான் எண்ணுனப்ப டம்ளர் மட்டும் பதினொண்ணு, பிள்ளையோட கிண்ணமும் ஸ்பூனும் சேத்து பதிமூணு. வீட்டுல இருக்கது மூணு பேரு.

டம்ளரும் கிண்ணமும்தான் ஜாஸ்தியா?

ஆளுக்கு ஒரு டம்ளர் மட்டும் வெளிய வைங்க, மீதிய பரண்ல போடுங்க. பிள்ளைக்கு ரெண்டு கிண்ணம், ரெண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் போதும். கைக்கு எட்டுத எடத்துல பன்னெண்டு கிண்ணம் இருந்தா பன்னெண்டும் அழுக்காவத்தான் செய்யும். ரெண்டுதான் இருந்தா அப்பப்ப கழுவித்தான் ஆகணும், அதுக்கு அரை நிமிசம்கூட ஆகாது.

சமையல் பாத்திரம்தான் ஜாஸ்தியா?

அப்ப பிரச்சினை சிங்க்ல இல்ல, அடுப்புல இருக்கு. சோறு தனி, கொழம்பு தனி, கூட்டு தனி, பிள்ளைக்குப் பருப்புச் சோறு தனின்னு வச்சா எட்டுப் பாத்திரம் விழும். வாரத்துல மூணு நாள் ஒத்தச் சட்டி சமையலா மாத்துங்க. நம்ம ஊருல அதுக்குப் பஞ்சமே இல்ல. கூட்டாஞ்சோறு பொங்குங்க, அரிசியும் துவரம்பருப்பும், கத்தரிக்கா வாழக்கா முருங்கக்கான்னு கெடக்குற காயும் ஒரு கை முருங்கக்கீரையும், தேங்கா சீரகம் வத்தல் சின்ன உள்ளி அரைச்சு ஊத்தி ஒரே பாத்திரத்துல முடிஞ்சிரும். புளிய மட்டும் பருப்பு வெந்தப்பறம் ஊத்துங்க, முன்னாலயே ஊத்தினா பருப்பு வேகாம கெடக்கும். இல்லன்னா உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து, அரிசி, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், தேங்காப்பூ, உப்பு, குக்கர்ல வச்சு எறக்கிருங்க. இதுல காரமே கெடையாது, அதனால ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு அதையே கொழைய மசிச்சு நெய் விட்டுக் குடுத்துரலாம், தனிச் சமையல்னு ஒரு சட்டி கொறையும். பெரியவங்களுக்கு எள்ளுத் தொவையல் மட்டும் அரைச்சுக்கிடுங்க. மத்தவ்வளவும் உளுந்தஞ்சோறு ருசியே பாத்துக்கிடும்.

எண்ணிக்கை கம்மிதான், ஆனாலும் குவியுதா?

பாத்திரம் கவுத்துத கூடையப் போய் பாருங்க. காலைல கழுவினது அப்படியே கூடைல இருக்கும், மத்தியானம் கழுவுனா வைக்க எடமில்ல, அதனாலயே கழுவத் தோணாது. எங்க வீட்டுல ஆறு மாசம் இதான் நடந்திருக்கு, எனக்கு வெளங்கவே இல்ல. காலைல பால் பொங்குத வரைக்கும் அடுப்புப் பக்கத்துல நின்னுதானே ஆகணும், அந்த நேரத்துல கூடையக் காலி பண்ணிருங்க. இது ஒண்ணுலயே எனக்கு பாதி சிங்க் காலியாச்சு.

தண்ணியே எறங்க மாட்டேங்கா?

ஆசிட் வாங்கி ஊத்தாதீங்க, தவழுத பிள்ளை இருக்க வீட்டுக்குள்ள அந்த பாட்டிலே வரக்கூடாது. சிங்குக்குக் கீழ கிண்ணம் மாதிரி திருகு மூடி இருக்கும், அடியில ஒரு வாளிய வச்சு கையால கழட்டுங்க, சோத்துப் பருக்கையும் எண்ணெய் பிசுக்கும் கட்டியா வரும். கழுவி மாட்டினா சரியாயிரும். அப்படியும் எறங்காம, சிங்க்ல ஊத்தினா பாத்ரூம் ஓட்டைல தண்ணி பொங்குச்சுன்னா அடைப்பு வெளிய மெயின் லைன்ல இருக்குன்னு அர்த்தம், அப்ப பிளம்பர கூப்பிட்டுருங்க, நாமளா குச்சிய விட்டுக் குத்திக்கிட்டு இருக்க வேண்டாம்.

டிஷ்வாஷர் வாங்கலாமான்னு தங்கச்சி கேட்டா. மூணு பேருக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். போர் தண்ணி வீடுகள்ல அதுக்கு தனி உப்பு வேற போட்டுக்கிட்டே இருக்கணும். அந்தக் காசுக்கு பாத்திரத்துக்கு மட்டும் ஒரு அக்காவ மாசக்கணக்குக்கு வரச் சொல்லலாம், அதுவும் மேல சொன்னதெல்லாம் பாத்தப்பறம்.

அறிகுறி 2: துவைச்ச துணியிலயும் மூத்திர மணம் போகல

அதிகம் அல்லாடினது இதுலதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன். மணம் எப்ப வருதுன்னு முதல்ல பாருங்க, அத வச்சுத்தான் காரணம் தெரியும்.

துவைச்சு எடுக்கும்போதே மணம் அடிச்சா

ஈரத்துணிய வாளிக்குள்ள அமுக்கி ராத்திரி பூரா வச்சிருப்பீங்க. மூத்திரம் ஊற ஊறத்தான் அந்த கண்ணுல குத்துத நெடி வரும். நனைஞ்ச ஒடனே பச்சத்தண்ணில ஒரு அலசு அலசி, புழிஞ்சு, ஓட்டையுள்ள கூடைல போடுங்க, மூடி போட்ட வாளில வேண்டாம். பால் கக்கினது, கொல்லைக்குப் போனதெல்லாம் பச்சத்தண்ணிலதான் முதல்ல அலசணும், சுடுதண்ணி ஊத்தினா கறை ஒட்டிக்கிடும்.

காஞ்சப்ப நல்லாருந்து, பிள்ளை மறுபடியும் நனைச்ச ஒடனே ரொம்ப வீச்சமா அடிச்சா

இது பவுடர் ஜாஸ்தியானதால வருது. நானும் மணம் போகட்டும்னு ரெண்டு ஸ்கூப், மூணு ஸ்கூப்னு ஏத்திக்கிட்டே போனேன், ஏத்த ஏத்த மணமும் கூடுச்சு. சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. துவைச்சுக் காஞ்ச லங்கோடு ஒண்ண எடுத்து ஒரு வாளி வெதுவெதுப்பான நல்ல தண்ணில போட்டு கையால கசக்குங்க. நொரை வந்துச்சுன்னா சோப்பு துணிக்குள்ளயே கெடக்கு, அதுலதான் மூத்திரம் ஒட்டிக்கிடுது. எனக்கு வாளி பூரா பால் மாதிரி வெள்ளையா நொரை வந்துச்சு. பவுடரே போடாம ரெண்டு தடவ மெசின்ல ஓட விட்டேன், அப்பறம் பாதி ஸ்கூப்புக்கு எறக்கிட்டேன், மூணாவது நாள் மணம் போயிருச்சு. வாசனைக்கு ஊத்துத கண்டிசனரயும் லங்கோட்டுக்கும் துண்டுக்கும் நிறுத்திருங்க, அது துணி தண்ணிய உறிஞ்சுறதக் கொறைச்சிரும்.

துணி மொரமொரன்னு வெள்ளை படிஞ்சு இருந்தா

போர் தண்ணி. தாமிரபரணித் தண்ணி கொழாயில வருத அன்னைக்கும் போர் தண்ணில துவைக்கிற அன்னைக்கும் ஒரே துணிய தடவிப் பாருங்க, வித்தியாசம் கையிலயே தெரியும். எல்லாத்தையும் ஆத்துத் தண்ணில துவைக்க முடியாது, கட்டாது. பிள்ளை துணிக்கு மட்டும் கடைசி அலசலுக்கு ஒரு வாளி ஆத்துத் தண்ணி எடுத்து வைங்க.

காயாமலே மணம் வந்தா

ஐப்பசி கார்த்திகை மழைக்கு இது வரும். கொடில துணி மேல துணி போடாம ரெண்டு விரல் எடம் விட்டுப் போட்டு கீழ ஃபேன வைங்க. மொத்தமான மெத்த விரிப்ப அந்த ரெண்டு மாசம் பயன்படுத்தாதீங்க, பழைய வேட்டிய நாலா மடிச்சு ரப்பர் ஷீட்டு மேல போட்டா வெரசா காயும். 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைக்கு கரண்டும் கொழாத்தண்ணியும் இல்லாம கெடந்தப்ப எங்க மதினிக்குக் கைப்பிள்ளை, துணி துவைக்கவும் வழியில்ல காய வைக்கவும் வழியில்ல, ரொம்ப செரமப்பட்டுட்டாவ. அதுலருந்து டயப்பர் ஒரு பாக்கெட் பிரிக்காம அலமாரில வச்சிருக்கேன், பிள்ளை வளர வளர சைஸ மட்டும் மாத்திக்கிடுவேன்.

இன்னொண்ணு, பரண்லருந்து பழைய பிள்ளைத் துணிய எடுக்கும்போது பாச்சா உருண்டை மணம் அடிச்சா அப்படியே போட்டு விடாதீங்க. துவைச்சு நல்ல வெயில்ல காய வச்சப்பறம்தான் போடணும். சில பிள்ளைங்களுக்கு அந்த உருண்டை பட்ட துணியாலயே ரத்தத்துல செவப்பணு ஒடஞ்சு மஞ்சக்காமாலை மாதிரி வந்துரும். பிள்ளை துணி வைக்கிற பெட்டில அந்த உருண்டையே வேண்டாம், வேப்பல போதும்.

மெசினே தகராறு பண்ணுச்சுன்னா

தண்ணி பைய வருதா? பைப்ப மூடிட்டு, மெசினுக்குப் பின்னால ஓஸ் மாட்டுத எடத்துல கழட்டிப் பாருங்க, சின்னதா ஒரு வலை இருக்கும், மணல் அடைச்சிருக்கும். பழைய பல் பிரஷ்ஷால தேச்சுக் கழுவி மாட்டுங்க.

தண்ணி வெளிய போகாம நிக்கிதா? முன்னால கதவு உள்ள மெசின்னா கீழ ஓரத்துல சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ள ஃபில்டர். பிளக்க புடுங்கிட்டு, ஒரு தட்டையும் பழைய துணியையும் அடியில வச்சுக்கிட்டு பைய திருகுங்க, தண்ணி வரும். ரெண்டு தடவ மெக்கானிக்குக்குக் காசு குடுத்தப்பறம் மூணாவது தடவ நானே திறந்தேன். ஒரு சுண்டுவிரல் நீளத்துல ரோஸ் கலர் சாக்ஸ், ஒரு ரூவா துட்டு, ஒரு கிளிப்பு, இடுப்புல கட்டுத கருப்புக் கயிறு ஒண்ணு, எல்லாத்தையும் சுத்தி முடி. அதுலருந்து சாக்ஸ், கையுறை மாதிரி சின்னதெல்லாம் ஒரு வலைப்பைல போட்டு முடிச்சுப் போட்டுத்தான் உள்ள போடுதேன், அப்பறம் ஒரு தடவகூட நிக்கல. மேல திறக்குற மெசின்ல பெரும்பாலும் உள்ளயே தும்பு பிடிக்கிற வலைப்பை இருக்கும், வாரம் ஒருக்கா கழுவினா போதும்.

மெக்கானிக்க எப்ப கூப்பிடணும்: ஃபில்டர் சுத்தமா இருந்தும் தண்ணி எறங்கலன்னா, சுத்தும்போது டம்டம்னு இரும்பு இடிக்கிற சத்தம் வந்தா, கருகுத வாடை வந்தா. தொட்டா சுர்ருனு ஷாக் அடிச்சா முதல்ல எலக்ட்ரீசியன். மெயின ஆஃப் பண்ணிட்டு, பிள்ளைய அந்தப் பக்கமே விடாதீங்க.

அறிகுறி 3: பெருக்கி முடிச்ச பத்தாவது நிமிசம் பழையபடி

தரையில கெடக்குறது மண்ணா, சோறா, பொம்மையா? மூணுக்கும் மருந்து வேற வேற.

மண்ணுன்னா காத்தப் பாருங்க. ஆனி ஆடில மேக்கேருந்து அடிக்கிற காத்து வீட்டுக்குள்ள ஒரு அடுக்கு செம்மண்ணயே கொண்டாந்து போட்டுரும். மேக்கு ஜன்னல் திண்ட ஈரத்துணியால தொடச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் தொடச்சுப் பாருங்க, துணி செவந்துச்சுன்னா வழி அதுதான். அந்த மாசங்கள்ல காத்து கூடுத நேரம் மேக்கு ஜன்னல மூடிட்டு கெழக்குப் பக்கம் திறந்து வைங்க, பெருக்குறத சாயங்காலத்துக்கு மாத்துங்க. காலைல பெருக்கினா வாரியல் தேயுததுதான் மிச்சம். கொசுவலை அடிச்ச ஜன்னல்னா மாசம் ஒருக்கா வலையக் கழுவணும், தூசி பூரா அங்கதான் ஒக்காந்திருக்கும்.

சோறுன்னா எடத்த மாத்துங்க. நடந்து நடந்து ஊட்டுனா பட்டாசல்லருந்து பெட்ரூம் வரைக்கும் பருக்கை போவும். நான் ஒரு பழைய போர்வைய விரிச்சு அதுலதான் ஒக்கார வைப்பேன், எந்திரிச்சு ஓடுனா சோறு அங்கயே நிக்கும், பின்னால போக மாட்டேன். முதல் நாலு நாள் கஷ்டம், அழுதா, கொறைச்சுத்தான் சாப்பிட்டா, அஞ்சாவது நாள் அவளே போர்வைய இழுத்துட்டு வந்து போட்டா. சாப்ட்டு முடிச்ச ஒடனே அத அப்படியே சுருட்டி மொட்டைமாடில ஒதறுவேன், காக்கா காத்துக்கிட்டு இருக்கும்.

எறும்பு வந்துச்சுன்னா மருந்துக்குப் போறதுக்கு முன்னால அது வருத வரிசையப் பின்னாலயே போய் பாருங்க. ஒருக்க அத்தை அம்பாசமுத்திரத்துலருந்து வந்தப்ப அல்வா வாங்கிட்டு வந்தாவ, பிள்ளை ஒரு துண்ட கையில வச்சு பிசைஞ்சு அந்த நெய்க்கையோட சுவத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்திருக்கா, கண்ணுக்குத் தெரியல, ஆனா சுவத்துல அவ கை ஒயரத்துக்கு நேர்கோடா செவத்தெறும்பு போவுது. சோப்புத்தண்ணி தொட்டு அந்தக் கோட்ட தொடச்சேன், போயிருச்சு. எறும்புக்குப் போடுத சாக்பீஸ் தவழுத பிள்ளை வீட்டுல வேண்டவே வேண்டாம், அது பூச்சிமருந்து, தரையத் தடவுத கை அடுத்த நிமிசம் வாய்க்குப் போவும். செதில் செதிலா மரம் உதிருது, சுவத்துல மண் கோடு ஏறுதுன்னா அது எறும்பு இல்ல, கரையான், அதுக்கு வீட்டு ஓனர்ட்ட சொல்லி ஆள வச்சுத்தான் பாக்கணும். மருந்தடிக்கிற அன்னைக்குப் பிள்ளைய ஆச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.

பொம்மைன்னா மூணு கூடையா பிரிச்சு ஒண்ண மட்டும் கீழ வைங்க, ஞாயித்துக்கெழம மாத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.

தொடச்சு முடிச்ச வாளிய மட்டும் அப்படியே வச்சுட்டு போன் எடுக்கப் போகாதீங்க. ரெண்டு மூணு இஞ்சு தண்ணியே போதும், தலைகுப்புற விழுந்த பிள்ளையால எந்திரிக்க முடியாது, சத்தமும் வராது. தண்ணி ஒண்ணு விட்டு ஒருநாள் வருத நம்ம தெருக்கள்ல டிரம்முல பிடிச்சு வைக்காம முடியாது, அதனால டிரம்முக்கு அழுத்தமான மூடியும் பாத்ரூம் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் இருக்கணும். மூடி இருந்தா கொசுவும் முட்டையிடாது, வாரம் ஒருக்கா உள்ள தேச்சுக் கழுவிட்டா டெங்கு கொசுவுக்கும் எடமில்ல.

அறிகுறி 4: அடுக்களைல நிக்க விடாம கால கட்டிக்கிடுது

எப்ப கட்டிக்கிடுதுன்னு ரெண்டு நாள் மணி பாத்து எழுதுங்க. பெரும்பாலும் சாயங்காலம் அஞ்சரைலருந்து ஏழுக்குள்ளதான் இருக்கும். அந்த நேரம் பிள்ளைக்குப் பசி, தூக்கம் ரெண்டும் சேந்து வரும், நாமளும் அப்பதான் அடுப்ப பத்த வைப்போம். ராத்திரிக்குள்ளத பிள்ளை மத்தியானம் தூங்குத நேரத்துலயே பாதி முடிச்சு வச்சுட்டா இந்த அறிகுறியே வராது. காய நறுக்கி டப்பால போடுறதும் தேங்கா துருவுறதும்தான் நேரம் இழுக்கும், கொதிக்க வைக்கிறது இல்ல.

அது முடியலன்னா, அடுப்ப பத்த வைக்கிறதுக்கு முன்னால பத்து நிமிசம் கீழ ஒக்காந்து பிள்ளைய மடில வச்சுக்கிடுங்க, கையில போனோ வெங்காயமோ இல்லாம. நேரம் வீணாவுதேன்னு எனக்கும் இருந்துச்சு, செஞ்சு பாத்தப்ப அந்தப் பத்து நிமிசத்துக்கு முப்பது நிமிசம் விட்டுக் குடுத்தா. அதுக்கப்பறம் ஒரு வேலை குடுங்க. நாலு உருளைக்கெழங்க ஒரு சட்டிலருந்து இன்னொரு சட்டிக்கு மாத்தச் சொன்னா கால் மணி நேரம் மாத்துவா. ஒரு உருண்டை சப்பாத்தி மாவு குடுத்தாலும் சரி. பச்சைப்பட்டாணி, நெலக்கடல, புளியமுத்து இதெல்லாம் வெளையாடக் குடுக்காதீங்க, தொண்டைல அடைச்சிரும்.

மிக்ஸி போட்டா மட்டும் அலறுதுன்னா பயம்தான். "மிக்ஸி போடப் போறேன், காதப் பொத்து"ன்னு சொல்லிட்டுப் போடுங்க, ஒரு வாரத்துல அவளே பொத்திக்கிட்டு சிரிப்பா.

ஒண்ணும் எடுபடலன்னா அடுக்களை வாசல்ல இடுப்பளவு தடுப்புக் கதவு ஒண்ணு ஆசாரிட்ட சொல்லி அடிச்சுக்கிடுங்க, பிள்ளைக்கு நீங்க தெரியணும், உள்ள வர முடியாது. கதவு இருந்தாலும் இல்லாட்டாலும் கொதிக்கிறது எப்பவும் பின் அடுப்புல, வாணலிப் பிடி சுவத்துப் பக்கம், மேசைல தொங்குத துணி வேண்டாம், கையில பிள்ளையும் காப்பியும் சேந்து வேண்டாம்.

சுட்டுட்டா, கொழாத்தண்ணிக்குக் கீழ 20 நிமிசம் பிடிங்க. பேஸ்ட்டு, மாவு, இங்க், ஐஸ் எதுவும் வைக்காதீங்க. கொப்புளம் வந்தாலோ, மூஞ்சி, கை, மூட்டு, மறைவான எடத்துல பட்டாலோ, பிள்ளையோட உள்ளங்கையளவுக்கு மேல இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்க, 108 கூப்பிடலாம். ரிமோட்ல போடுத பொத்தான் பேட்டரிய முழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாக்கூட நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க, அந்த நிமிசமே ஹைகிரவுண்ட் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அது ரெண்டு மணி நேரத்துலயே உள்ள அரிச்சிரும். மண்ணெண்ணெய், பாத்ரூம் ஆசிட் குடிச்சிருந்தா வாந்தி எடுக்க வைக்காம பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அறிகுறி 5: ராத்திரி பதினொண்ணு ஆனாலும் முடியல, வீட்டுல ஆள் இருந்தும் ஒத்தையில நிக்கேன்

முதல்ல, எட்டு மணிக்கு மேல செய்யுதத ஒரு தாள்ல எழுதுங்க, மூணு நாளைக்கு. எழுதினப்பறம் ஒவ்வொண்ணுக்கும் நேரா, இத விட்டா நாளைக்குக் காலைல என்ன ஆவும்னு எழுதுங்க. பால் பாத்திரம் கழுவலன்னா காலைல பால் காய்ச்ச முடியாது, அத விட முடியாது. மாவு புளிக்க வைக்கலன்னா இட்லி இல்ல, அதையும் விட முடியாது. துணி மடிக்கலன்னா ஒண்ணும் ஆவாது. எனக்கு பதினோரு சோலில விட முடியாதது நாலுதான் இருந்துச்சு. மடிக்கிறதயே விட்டுட்டேன், ஆளுக்கு ஒரு கூடை, காஞ்சத அதுல போடுறது, வேணுங்கிறவிய எடுத்துக்கிட வேண்டியது. இதுல அத்தைக்கு முதல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு, "துணிய இப்படிப் போடலாமாட்டி"ன்னு கேட்டாவ. பிள்ளையோட ஒருநாள் தனியா இருந்து பாத்தப்பறம் அவியளே கூடைல போட ஆரம்பிச்சாவ.

வீட்டுக்காரவிய செய்யலன்னா: "ஏதாவது செய்யவா"ன்னு கேட்டு நிப்பாவ, நாமளும் எத சொல்லன்னு யோசிச்சு, சொல்லுறதுக்கு நாமளே செஞ்சிரலாம்னு செஞ்சிருவோம். இங்க அடைப்பு எங்கன்னா, சோலி நம்ம மண்டைக்குள்ள இருக்கு, அவியளுக்குத் தெரியாது. அப்பப்ப ஒரு வேலைய ஏவுறத விட்டுட்டு ஒரு வேலைய முழுசா குடுத்துருங்க. எங்க வீட்டுல பிள்ளையோட ராத்திரிச் சோலி பூரா அவியளுக்குத்தான். மேலு கழுவி விடுறது, சட்டை மாத்துறது, பல் தேய்க்கிறது, தூங்க வைக்கிறது, மறுநாளைக்கு சட்டை எடுத்து வைக்கிறது வரைக்கும். சட்டை எங்க இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், தேடி எடுப்பாவ. முதல் வாரம் கவுன திருப்பிப் போட்டு விட்டுருந்தாவ, நான் வாயே திறக்கல. இப்ப அவளுக்கு அப்பா இல்லாம தூக்கமே வராது, அந்த ஒரு மணி நேரம் எனக்கு அடுக்களையும் ஓடும், செத்த நேரம் ஒக்காரவும் முடியும்.

பேசியும் ஒண்ணும் மாறலன்னா வீட்டுல பெரியவங்க யார்ட்ட அவிய சொல் கேப்பாவளோ அவங்கள வச்சுப் பேசுங்க, தனியா சண்ட போட்டுத் தேயாதீங்க.

காசு செலவழிக்க முடியும்னா எந்தச் சோலிக்கு நீங்க ரொம்ப வெறுத்துப் போறீங்களோ அதுக்கு மட்டும் ஆள் போடுங்க. பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சிருந்தா பக்கத்து அங்கன்வாடியப் போய்ப் பாத்துட்டு வாங்க, நம்ம பக்கம் பால்வாடின்னு சொல்லுவோம்லா, அதுதான். மத்தியானச் சாப்பாடு, முட்டையெல்லாம் உண்டு, பாட்டு, வெளையாட்டு உண்டு, காசு கெடையாது. அங்க டீச்சர் எப்படி, தண்ணி, கழிவறை எப்படின்னு நேர்ல பாருங்க, திருப்தியா இருந்தா காலைல மூணு மணி நேரம் விட்டாலே பெரிய வித்தியாசம்.

ஆனித் தேரோட்டத்துக்கு, கோயில் கொடைக்குன்னு சொந்தக்காரவிய வந்து எறங்குத வாரத்துல மேல சொன்ன எந்தக் கணக்கும் ஓடாது. அந்த வாரத்த கணக்குல சேக்காதீங்க, முடிஞ்சு மூணாம் நாள்லருந்து மறுபடியும் பாருங்க.

அறிகுறி 6: எல்லாம் சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் எந்திரிக்க முடியல

மேல உள்ளதெல்லாம் சரி பண்ணியும் பத்து மணிக்கே கை கால் ஓஞ்சு போவுதுன்னா வீட்ட விட்டுட்டு ஒடம்பப் பாருங்க. இதத் தள்ளிப் போட்டுத்தான் நான் அஞ்சு மாசத்த வீணாக்கினேன். படி ஏறினா மூச்சு வாங்குச்சு, முடி கொட்டுச்சு, பிள்ளை பெத்தா எல்லாருக்கும் இப்படித்தான்னு எல்லாரும் சொன்னாவ. ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 8.6. பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழ இருந்தாலே ரத்தசோகைதான். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல அதே வீடு, அதே சோலி, எனக்கு பாதியா தெரிஞ்சுச்சு. இரும்புச்சத்து மாத்திரைய காப்பி டீயோட சேத்துப் போடாதீங்க, ஒடம்புல சேராது. ரத்தம் பாக்கும்போதே தைராய்டும் பாக்கச் சொல்லுங்க, பிள்ளை பெத்த ஒரு வருசத்துக்குள்ள அது தகராறு பண்ணுறது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ரத்தம் பாப்பாங்க.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிச்சா, பிள்ளைய அக்குள்ல கை குடுத்துத் தூக்கித் தூக்கி வந்திருக்கும். பிள்ளைக்கு அடியில கை குடுத்து மார்போட அணைச்சுத் தூக்குங்க, துணி முறுக்கிப் புழியுறத ரெண்டு வாரம் வேற யார்ட்டயாவது குடுத்துருங்க. அதுக்கும் கொறையலன்னா எலும்பு டாக்டர்ட்ட காட்டுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா இழுத்துக்கிட்டே போவும்.

ஒடம்புல ஒண்ணும் இல்ல, ஆனா காரணமில்லாம அழுகை வருது, பிள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல, பிள்ளை தூங்கினப்பறமும் தூக்கம் வரல, எனக்கு எதுக்கு இதெல்லாம்னு இருக்குன்னா, பிரசவமாகி முதல் பத்து நாள்ல அது பல பேருக்கு வந்துட்டுப் போயிரும். ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா, இல்ல பிள்ளைக்கு ஆறு மாசம், பத்து மாசம் ஆனப்பறம் புதுசா ஆரம்பிச்சாலும், அது டாக்டர் பாக்க வேண்டிய நோய், மருந்து இருக்கு, பால் குடுக்கும்போதும் சாப்பிடுத மாதிரி மருந்து இருக்கு. வீட்டுல சொல்ல முடியலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு கூப்பிடுங்க, காசு கெடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். உங்களயோ பிள்ளையயோ ஏதாவது பண்ணிரலாம்னு ஒரு தடவ நெனப்பு வந்தாக்கூட அந்த நிமிசமே பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிட்டு பிள்ளைய அவங்க கையில குடுத்துட்டு, தனியா இருக்காம, ஆஸ்பத்திரிக்குப் போங்க. சிங்க்ல பாத்திரம் கெடந்தா கெடக்கட்டும், அடுப்ப மட்டும் ஆஃப் பண்ணிட்டுப் போங்க.